விடியலுக்குக் கையெழுத்து

குய்மெய் வாய் ஓயாத மனுஷி. மஞ்சளாற்றங்கரையில் எங்கள் ஊர்ச் சந்தையில் அவள் காய்கறிக் கடையும் என் டோஃபுக் கடையும் அடுத்தடுத்து. காயை நிறுத்துக் கொடுத்தபிறகும் ஒரு கொத்து வெங்காயத்தாளைச் சும்மா திணிக்காமல் யாரையும் விட மாட்டாள். காய் ஏற்றி வரும் அவள் புருஷன் தெஷெங்கோ வாயில்லாப் பூச்சி. "ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசித் தொலைக்கிறேன்" என்பாள்.

அந்த இலையுதிர் காலத்தில் சந்தை வாசலில் ஒரு கறுப்புக் கார் தெஷெங்கின் மூன்று சக்கர வண்டியை அடித்துத் தூக்கியது. ஓட்டி வந்தவன் நிலத்துறை அதிகாரியின் அக்காள் மகன். வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வழியிலேயே தெஷெங் போய்விட்டான். அங்கே நின்ற யாரோ கைப்பேசியில் பிடித்த வீடியோவில் அந்தப் பையன் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் விழுந்திருந்தது.

"எங்க மாமா கையெழுத்துப் போடாம இந்த ஊர்ல பொழுதே விடியாது, தெரியுமா?"

ஒரே வாரத்தில் நாடு முழுக்க அதே பேச்சு. வானம் மூடினால், "மாமா இன்னும் கையெழுத்துப் போடல போல" என்று எழுதினார்கள். பனியனில் அச்சடித்தார்கள். எங்கள் மீன்கடை சூ கூடக் கடையைத் தாமதமாகத் திறந்துவிட்டு அதைச் சொல்லிச் சிரித்தான். "அவ காதுல விழுந்தா உன் நாக்க அறுத்துருவேன்" என்றேன். விழுந்துதான் இருந்தது. அவள் பேசவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

தெஷெங் குளிர் அறையில் கிடந்தான். சாகடித்தவன் வந்து படத்துக்கு முன்னால் மூன்று முறை குனியாமல் எரித்தால், செத்தவன் மனம் ஆறாமல் போவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குனியட்டும், பிறகு எரிக்கலாம் என்று குய்மெய் பிடிவாதமாக இருந்தாள்.

தெருக்குழுச் செயலாளர் காங் ஆப்பிள் கூடையோடு வந்தார்.

"அக்கா, பையன் வந்து குனிவான், நான் பொறுப்பு. பதிலுக்கு நீங்க பத்திரிகைக்காரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அவன் அப்படிச் சொல்லவே இல்ல, யாரோ வெட்டி ஒட்டிட்டாங்கன்னு."

"மனசாரக் குனிவானா?"

"குனியறதுல என்னக்கா மனசார, வாயார?"

சரி என்றுவிட்டாள். காங் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி இது? இப்படியா விலைபோவ?"

"அவரு ஐஸ்ல கெடக்காருடி. நீ போயி படுப்பியா?"

ஆப்பிள் கூடையை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

ஈமச்சடங்குக் கூடத்துக்குப் பையன் வந்தான். துக்கத்துக்கு அடையாளமாகச் சட்டையில் வெள்ளைப் பூ குத்தியிருந்தான். மூன்று முறை குனிந்தான். கடைசிக் குனிவில் கொஞ்சம் அவசரம் தெரிந்தது. அதற்கும் குய்மெய் முறைப்படி பதிலுக்குத் தலை தாழ்த்தினாள். வாசலில் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். சந்தையே திரண்டு நின்றது. காங் அவள் முழங்கையை ஒட்டி நின்றார்.

"அம்மா, அந்தப் பையன் அப்படிச் சொன்னானா, இல்லையா?"

"சொன்னான்."

காங் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள். வாக்குத் தவறியவள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.

"அவன் என்ன சொன்னான்னு நாடே கேட்டுச்சு. நான் அவன்கிட்ட என்ன கேட்டேன்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள். "அவருக்கு அப்போ மூச்சு இருந்துச்சு. கார் கதவு தெறந்தே கெடந்துச்சு. தம்பி, ஆஸ்பத்திரி பக்கத்துலதான், பின் சீட்டுல போட்டுக்கிறேன், ரத்தம் படாம என் சட்டைய விரிச்சுக்கிறேன்னு கெஞ்சுனேன். அதுக்குத்தான் அப்படிச் சொன்னான்."

சூ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

குய்மெய் உள்ளே திரும்பினாள். கூடத்து ஆளிடம், "இப்ப எரிங்க" என்றாள்.