எழுபது விநாடி

அந்தப் படத்தின் பின்னணி இசைக்குத் தேசிய விருது என்று டிவியில் சொன்னபோது நான் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். படத்தில் ஒரு தாய், இறந்துபோன பிள்ளையின் செருப்பைக் கையில் பிடித்தபடி ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பாள். அந்த எழுபது விநாடியும் இசையே கிடையாது. மின்விசிறிச் சத்தமும் அவள் காலடிச் சத்தமும் மட்டும்தான். அப்படி விட்ட துணிச்சலுக்குத்தான் விருதாம்.

துணிச்சலாம்! பாதிப் பால் சமையல் மேடையில் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அந்த மௌனம் யாருடையது என்று எனக்குத் தெரியும். அன்று வாசித்த நாற்பது பேருக்கும் தெரியும். அது செல்லோ அக்காவுடையது. அதற்குக் காரணம் நான்.

செல்லோ என்பது வயலினுக்குப் பெரியப்பா மாதிரி. உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். அக்கா அதை ஆசைப்பட்டு எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து இசை அறையில் வயலின்களையெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிஞ்சியது இது ஒன்று. "நீதான் ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்திருக்கியே, தூக்கிக்கோ" என்றார்களாம். தூக்கினாள். இருபத்தாறு வருஷம் தூக்கினாள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி வீடு. தினமும் பேருந்தில் அதை ஜன்னலோரம் உட்கார்த்திவிட்டுத் தான் நின்றுகொண்டே வருவாள். "என் வீட்டுக்காரரைவிட இவனைத்தான் அதிகம் கட்டிப் புடிச்சிருக்கேன்" என்பாள். எலக்ட்ரீஷியனான அவர் பக்கத்தில் இருந்தால், "அவன் பதில் பேச மாட்டான்ல, அதான்" என்பார்.

நான் இரண்டாம் வயலின் வரிசை. பெரிய வித்தை ஒன்றுமில்லை. கூட்டத்தோடு கோவிந்தா.

விருது வாங்கிய இசையமைப்பாளருக்கு எங்களுக்குள் 'ஒன்மோர்' என்று பெயர். எதை எப்படி வாசித்தாலும் கண்ணாடி அறைக்குள்ளிருந்து மைக்கில் "ஒன் மோர்" என்பார். அன்றைக்கு அந்த வராந்தாக் காட்சிக்குப் பதினேழு ஒன்மோர் ஆகியிருந்தது. ஆமாம், அந்த எழுபது விநாடிக்கு அவர் இசை எழுதியிருந்தார். அக்கா தனியாக ஒரு சோகம் வாசிக்க, பின்னால் நாங்கள் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்க வேண்டும். மூக்கைச் சிந்த வைக்கிற பழைய சரக்கு. அக்காவின் தாளில் சிவப்பு மையில் தன் கையாலேயே 'இங்கே நன்றாக அழு' என்று எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார்.

என் மகளுக்கு அப்போது நாலு மாதம். காலை எட்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தவள் நான். மணி இரண்டரை. நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. சட்டை நனைய ஆரம்பித்தது. வயலினை மார்போடு அணைத்து மறைத்துப் பார்த்தேன். முடியவில்லை. கையைத் தூக்கினேன்.

"சார், பத்து நிமிஷம் வெளியில போயிட்டு வந்துடறேன்."

"எதுக்கு?"

எதுக்கு என்று எப்படிச் சொல்வது? சட்டையைப் பார்த்தாலே தெரியும். அவர் பார்த்தார்.

"இது ரெக்கார்டிங் தியேட்டரா, மாட்டுத் தொழுவமா? உட்காரும்மா. ஒன் மோர்."

ஹெட்போன் மாட்டியிருந்த நாற்பது பேர் காதிலும் அது ஒரே நேரத்தில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

பதினெட்டாவது டேக்குக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கை அசைந்தது. செல்லோ வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அக்கா வில்லை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?"

"அந்தப் பொண்ணுக்குப் பத்து நிமிஷம் குடுங்க சார். அப்புறம் நூறு டேக் வேணும்னாலும் வாசிக்கிறேன்."

அவர் கத்தினார். மிரட்டினார். பேப்பரை விசிறி அடித்தார். அக்கா கல்லுளிமங்கி மாதிரி அசையவில்லை. பத்து நிமிஷம் கொடுக்க மனசில்லாத மனிதர் ஒன்றரை மணி நேரத்தைக் கத்தியே கரைத்தார். நாலு மணிக்குத் தியேட்டரை அடுத்து எடுத்திருந்த படக் கம்பெனிக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மறுநாள் காலையில் படத்தின் கடைசி ஒலிக்கலவை. அந்த இடம் காலியாகவே போய்ச் சேர்ந்தது. இதுதான் அந்தத் துணிச்சல்.

அந்த வாரமே இசைக்கலைஞர் சங்கத்துக்குப் புகார் போனது. 'காரணமின்றிப் பதிவைக் கெடுத்தார்' என்று ஒரு வாக்குமூலம் தயாரித்து, வாசித்த எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். கையெழுத்து தெளிவாகவே விழுந்தது. புகார் கொடுத்தவர் திரும்பப் பெறும்வரை அக்காவை யாரும் கூப்பிடக் கூடாது என்று தீர்ப்பு. என்னை எல்லாரும் கூப்பிட்டார்கள்.

இரண்டு வருஷமாக அக்கா ஒரு சலவைக் கடையில் துணி அலசி மடிக்கிறாள். விருதுச் செய்தி வந்த நாலாம் நாள் அங்கே போனேன். உள்ளே ஒரே ஆவி. யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஒன்மோர் போன் பண்ணினாருடி" என்றாள்.

"எதுக்குக்கா?"

"பாராட்டு விழாவாம். திரையில படம் ஓட ஓட நாம மேடையில வாசிக்கணுமாம். பழசையெல்லாம் மறந்துடலாம்மாங்கறாரு."

"புகாரை வாங்கிக்கறாராமா?"

"மறுநாளே வாங்கிக்கறாராம். அந்தச் சீன்ல மட்டும் நான் வாசிக்காம உட்கார்ந்திருக்கணும். கேமரா என்னைத்தான் காட்டுமாம். வில்லை மடியில குறுக்கே வச்சுக்கிட்டு, 'அன்னைக்கு இருந்த மாதிரியே இரும்மா'ங்கறாரு."

மௌனத்தைத் திருடியது போதாதென்று அவள் உட்கார்ந்த தோரணையையும் கேட்கிறான் அந்த ஆள்!

"போகாதீங்கக்கா."

"போவேன்டி." விரல்களை விரித்துக் காட்டினாள். நரம்பை அழுத்தி அழுத்திக் காய்த்திருந்த நுனிகள் சோப்புத் தண்ணீரில் ஊறி, குழந்தை விரல் போல ஆகியிருந்தன. "எனக்கு வாசிக்கணும். எழுபது விநாடி சும்மா இருந்தா மிச்ச ஆயுசுக்கும் வாசிக்கலாம்னா, இருந்துட்டுப் போறேன். வீம்பு புடிச்சுப் பார்த்தாச்சே, என்ன கிடைச்சுது?"

அந்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட்டதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

விழா அன்று அரங்கு நிரம்பி வழிந்தது. ஒன்மோர் புதுக் கோட்டில் வந்தார். அக்கா பழைய கறுப்புப் புடவையில் வந்தாள். முதல் நாலு காட்சிகள் வாசித்தோம். அக்காவின் வில் முதலில் கொஞ்சம் தடுமாறியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் அப்படி ஒரு பசி. அவள் அந்தச் சீனில் சும்மா இருந்துவிட்டுப் போகட்டும், பெயர் அந்த ஆளுக்கே கிடைத்துத் தொலையட்டும், அவள் வாசித்தால் போதும் என்றே நினைத்தேன்.

வராந்தாக் காட்சிக்கு முன்னால் ஒன்மோர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த இடத்துக்காக நாற்பது நாள் தூங்கல. ஒரு தாயோட வலிக்கு முன்னாடி நான் யாரு? அம்மாங்கறவ தெய்வம். அந்தத் தெய்வத்துக்காக என் பேனாவைக் கீழே வச்சேன். ஒரு சுரம்கூட எழுதல."

கூசாமல் சொன்னார். அரங்கே எழுந்து நின்று கை தட்டியது. எனக்கு அந்தச் சட்டை நனைந்த ஈரம் மறுபடியும் நெஞ்சில் ஒட்டியது. அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். 'தெய்வம்' என்ற வார்த்தையில்தான் அவளுக்கு ஏதோ அறுந்துபோயிருக்க வேண்டும்.

குனிந்து, செல்லோ உறையின் ஜிப்பைத் திறந்தாள். நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீவி, ஸ்டாண்டில் வைத்தாள். சலவைக் கடையில் காலரை நீவியது போலவே பதவிசாக நீவினாள்.

விளக்கு அணைந்தது. திரையில் தாய் செருப்போடு நடக்க ஆரம்பித்தாள். பக்கத்துத் திரையில் கேமரா அக்காவைப் பெரிதாகக் காட்டியது. வில் மடியில் குறுக்கே இருந்தது. ஒன்மோர் கண்ணை மூடி, அண்ணாந்து நின்றார்.

அக்கா வில்லைத் தூக்கி வாசித்தாள்.

அந்த மூக்குச் சிந்தல் பாட்டைத்தான், ஒரு சுரம் விடாமல். ஒன்மோர் கண்ணைத் திறந்தார். 'நிறுத்து' என்று கை காட்டினார். மற்றவர்கள் அசையவில்லை. என் மகள் பெரியவளாகிக் கேட்டால் என்ன சொல்வேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. வயலினைத் தோளில் வைத்து, பின்னால் நீட்டிப் பிடிக்க வேண்டிய அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்தேன்.

வாசித்து முடித்ததும் அக்கா ஸ்டாண்டைக் கேமராவின் பக்கம் மெல்லத் திருப்பினாள். கேமராக்காரர் என்ன நினைத்தாரோ, நெருங்கிப் போனார். ஆளுயரத் திரையில் சிவப்பு மை விழுந்தது. 'இங்கே நன்றாக அழு.' கீழே கையெழுத்து, தேதி.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் அரங்கு முழுக்கச் சிரித்தது. ஒன்மோர் முகத்தில் ஈயாடவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"நாளையிலேருந்து கை நிறைய வேலை குடுக்கறேன்னேனே. இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

அக்கா என்னைக் காட்டினாள்.

"அன்னைக்குக் கேட்டதுதான் சார். அந்தப் பொண்ணுக்குப் பத்து நிமிஷம்."

நான் எழுந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டியவள். வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு, செல்லோவின் ஒரு பக்கத்தை நான் பிடிக்க, மறு பக்கத்தை அக்கா பிடிக்க, மேடையை விட்டு இறங்கினோம்.