வெள்ளச்சியின் பச்சைப் புள்ளி

டென்மார்க்கில் மாடு தபாலில் வருகிறது. முழு மாடு இல்லை, சின்னக் குழாயில் அதன் இரத்தம் மட்டும். பெயர் கிடையாது, காதில் தொங்கும் எண்தான். நாள் முழுக்க மாட்டோடு மாரடிக்கிற நான் நேரில் ஒரு மாட்டைக் கண்டு எத்தனையோ மாதம்! குரோமோசோம் எனப்படும் நிறமூர்த்தங்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, இருட்டறையில் நுணுக்குக்காட்டிக்குள் பார்ப்பது என் வேலை. எக்ஸ் சிவப்பாக மின்னும், ஆணுக்கு மட்டுமே உள்ள வை பச்சையாக. கன்று போடாத இளம் நாகின் இரத்தத்தில் பச்சை தெரிந்தால், அது நாம்பன் என்கிற ஆண் கன்றோடு இரட்டையாகப் பிறந்தது, தாய் வயிற்றுக்குள்ளேயே அவனுடைய இரத்தம் இதற்குள் கலந்துவிட்டது. இனிச் சினைப்படாது. நான் அறிக்கை எழுதுவேன். பண்ணைக்காரர் அதை இறைச்சிக்கு அனுப்பிவிடுவார்.

போன கிழமை இலங்கையில், விசுவமடுவிலிருந்து அக்கா அழைத்தார்.

"வெள்ளச்சி சினைப்படுதில்லையடா. சினை ஊசி போட்டும் பாத்தாச்சு. வெள்ளிக்கிழமை இறைச்சிக்கு விடப்போறாராம் உன்ரை அத்தான். நீ மாட்டுப் படிப்புத்தானே படிச்சனி, ஒரு வழி சொல்லன்."

வெள்ளச்சியை எனக்குத் தெரியும். வீடியோவில் அக்காவோடு கதைக்கும்போதெல்லாம் குசினி வாசலால் தலையை நீட்டும். கூட வேலை செய்யும் மெத்தேயிடம் சொன்னேன். "வளர்ப்புப் பிராணியா?" என்றாள். இல்லை. "பண்ணை மாடா?" அதுவும் இல்லை. வீட்டில் ஒரு ஆள் மாதிரி என்றேன். வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று விளங்கிக்கொண்டு, "லீவு வேண்டுமா?" என்று கேட்டாளே பார்க்கலாம்!

அன்று பின்னேரம் அக்காவை அழைத்தேன்.

"அது இரட்டையோ அக்கா?"

"ஓம். மற்றது நாம்பன். தாய்க்குப் பால் காணாமத்தானே இதை நான் போத்தில்லை பருக்கி வளத்தனான்."

இன்னொரு தரம் ஊசி போடுங்கோ என்று மழுப்பியிருக்கலாம். மனம் கேட்கவில்லை.

"ரத்தம் பாக்காமல் அடிச்சுச் சொல்லேலாது. ஆனா அனேகமாக் கண்டு போடாது அக்கா. வெள்ளச்சியிலை பிழையில்லை, கூடப்பிறந்தவன்ரை ரத்தம் கலந்திட்டுது."

வெள்ளச்சியின் கதையை நானே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அவ்வளவுதானே? நான் ஏதோ வருத்தமெண்டெல்லோ பயந்து போனன். கண்டு போடாட்டி என்ன, சாணியெண்டாலும் போடும்தானே? என்ரை கத்தரிக்கு அது காணும். அத்தானோடை நான் கதைக்கிறன், நீ வை."

வெள்ளிக்கிழமை போய்விட்டது. வெள்ளச்சி நிற்கிறது. அத்தான்தான் இன்னும் அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கிறாரில்லையாம்.

இன்று காலை குழாயில் இன்னொரு நாகு வந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை. விரல்கள் டேனிஷ் மொழியில் அறிக்கையைத் தட்டிக்கொண்டிருக்க, வாய் தன்பாட்டில், "சாணியெண்டாலும் போடும்தானே" என்றது.

"என்ன சொன்னாய்?" என்று மெத்தே திரும்பினாள்.

ஒன்றுமில்லை என்றேன். அறிக்கையை அனுப்பினேன்.