இந்திப் பாட்டில் ஒரு கெட்டிமேளம்

செங்கல்பட்டில் கல்யாண ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டு செட்டில் பல வருடம் டிரம் அடித்தேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றதும் கற்றுக்கொண்ட வேலை. கூச்ச சுபாவம் எனக்கு. ஆட்கள் முகத்தைப் பார்த்தால் கை தடுமாறும். அதனால் எப்போதும் கடைசி வரிசையில், முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்தபடி நடப்பேன்.

மேளக்காரரைத் தனியாக வைக்காத கல்யாணங்களில் தாலி கட்டும்போது நாங்களே கெட்டிமேளமும் கொட்டுவோம். மேடையிலிருந்து பெரியவர் ஒருவர் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டுவார். அந்த நொடி, வாசித்துக்கொண்டிருப்பது எதுவானாலும் விட்டுவிட்டு வேகமாகக் கொட்ட வேண்டும். பக்கத்தில் யாராவது தும்மினால்கூட மணமக்கள் காதில் விழக் கூடாது. விரல் இறங்கும்வரை நிறுத்தவும் கூடாது.

அப்படி ஒரு கல்யாணத்துக்குச் சாப்பிட வந்த இளைஞன் என் பக்கத்தில் வந்து நின்றான். வடக்கேயிருந்து கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்தவருடைய மகன். பிறந்து வளர்ந்தது இங்கேதான்.

"அண்ணாத்த, இன்னாத்துக்கு கடைசில ஒளிஞ்சிகினு வாசிக்கிற? எங்க குழுவுக்கு வா. டிரம் செட்டுக்குப் பின்னால குந்திக்கினா உன் மூஞ்சியே தெரியாது."

அந்த ஒரு காரணத்துக்காகத்தான் போனேன்.

குழு என்றால் மூன்று பேர். பாட்டும் கிட்டாரும் அவன். கீபோர்டு வாசிப்பது சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண். மூன்றாவது நான். புதுப்பட்டினத்தில் ஒரு மெத்தைக் கடை மாடியில் பயிற்சி. சுவரெல்லாம் மெத்தை சாத்தியிருந்ததால் எவ்வளவு அடித்தாலும் தெருவில் கேட்காது. இரண்டு பாட்டுக்கு நடுவில் மெத்தையில் சாய்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

பாட்டெல்லாம் இந்தி. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முதலில் விழித்தேன். பிறகு கவனித்தேன்: வரி முடியும்போதெல்லாம் பாடகனுடைய இடது தோள் கொஞ்சம் இறங்கும். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, அர்த்தம் சொல்லவா?" என்று கீபோர்டுப் பெண் கேட்டாள்.

"வேணாம்மா. தோளு போதும்."

"அதுவும் சரிதான். எல்லாம் காதலி வுட்டுட்டுப் போன பாட்டு. தெரிஞ்சா அழுதுகினே அடிப்பீங்க."

மாமல்லபுரம் பக்கத்து ஓட்டல்களில் வடநாட்டுக் குடும்பங்கள் கல்யாணம் செய்ய வருவார்கள். அங்கே சினிமாப் பாட்டுகள் வாசித்தோம். பாடகன் சொந்தமாகவும் பாட்டுக் கட்டி வைத்திருந்தான். அவற்றை யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் அவன் அப்பா ஓய்வுபெற்றார். குடும்பத்தோடு சொந்த ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார். அங்கே அவனுக்காக மாமாவின் இரும்புக் கடை காத்திருந்தது. அவன் இங்கேயே இருந்து பாட வேண்டும் என்றான். வாக்குவாதம் முற்றி, கடைசியில் அவர் சொன்னாராம்: "ஊரான் பாட்டைப் பாட ஊரெல்லாம் ஆள் இருக்கு. உன் பாட்டுக்கு நாலு பேர் எழுந்து ஆடட்டும். நீ இங்கயே இரு. இல்லேன்னா எங்களோட கிளம்பு."

திருவிடந்தைக் கடற்கரையில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தோம். சொந்தப் பாட்டு ஒன்று பாட அனுமதி வாங்கியிருந்தான். அதைக் கேட்க அப்பாவும் வந்தார். அழைப்பில்லாத கல்யாணத்தில் நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று, ஒயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆளாகவே உள்ளே நுழைந்தார். ஸ்பீக்கர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெயில் தாழ்ந்த நேரம். பாட்டு தொடங்கியது. மெதுவான பாட்டு. பானிபூரி வரிசை அசையவில்லை. குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் சரணம் முடிந்தபோது பாடகனின் தோள் இறங்கிய இறக்கம் பாட்டுக்கானதாக இல்லை.

இரண்டாவது சரணம். முன்வரிசையில் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார்.

நான் யோசிக்கவே இல்லை. கை தானாகக் கொட்டத் தொடங்கிவிட்டது. கடற்கரையே அதிரும் கெட்டிமேளம்.

பாடகன் திடுக்கிட்டுத் திரும்பினான். கீபோர்டுப் பெண் சிரித்தபடியே வேகத்தைப் பிடித்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவனும் அதே வரிகளைக் குதித்துக் குதித்துப் பாடினான். விரல் காட்டிய பெரியவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு கையிலிருந்த காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஆட ஆரம்பித்தார், இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலை உயர்த்தியபடி. அவரைப் பார்த்து அவர் தம்பிகள், மாப்பிள்ளை, பெண், பானிபூரி வரிசை. அவர்கள் ஆட்டமே விரலை உயர்த்தி ஆடும் ஆட்டம். எந்தப் பக்கம் பார்த்தாலும் விரல். விரல் இறங்கினால்தானே நான் நிறுத்த முடியும்? பெரியவருக்கு மூச்சு வாங்கியபோதுதான் எனக்கு விடுதலை கிடைத்தது.

அவர் மேடைக்கு வந்து பாடகனிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணாத்த, அவரு வெயிட்டராண்ட தண்ணி கேட்டாராம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் அப்பா ஒயரைச் சுற்றிக்கொண்டே வந்தார். மகனைப் பார்க்காமல் என்னிடம்தான் பேசினார். "நாலு பேர் போதும்னுதான் சொன்னேன். பந்தலே ஆடிடுச்சு. அந்தக் கடையை அவங்க மாமாவே பாத்துக்கட்டும்."

அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போனார்கள். அவன் புதுப்பட்டினத்தில் அறை எடுத்துக்கொண்டான். அந்தப் பாட்டு செல்போன்களில் பரவியது. பெங்களூர், ஐதராபாத் எல்லாம் போய் வாசித்துவிட்டோம். இரண்டாவது சரணத்தில் அவன் என் பக்கம் திரும்பி விரலை உயர்த்துவான். கூட்டமும் சேர்ந்து உயர்த்தும்.

சென்ற மாதம் மாமல்லபுரத்தில் எங்கள் நிகழ்ச்சி. அவன் அப்பா வடக்கேயிருந்து வந்திருந்தார். இந்த முறை அழைப்போடு, முன்வரிசை நாற்காலியில். இரண்டாவது சரணம் வந்தது. பாடகன் இன்னும் திரும்பவில்லை. அதற்குள் அவர் எழுந்து நின்று விரலை உயர்த்திவிட்டார்.

கல்யாண வழக்கப்படி, நான் பெரியவர் விரலுக்கே கொட்டினேன்.