மூன்று ஆரஞ்சு வட்டங்கள்

ஒடார்க்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை எங்கள் அணுமின் நிலையத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் இருவருக்கும் பெயின்ட் அடிக்கும் வேலை. அவள் கணவன் யூஹிமுக்குக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. மாற்று ஆள் வந்து பொறுப்பேற்காமல் அங்கே யாரும் எழுந்து போகக் கூடாது. எதிரிப் படை வந்து ஊரைப் பிடித்ததும் அவனுடைய மாற்று ஆள் ஓடிப்போய்விட்டான். யூஹிமுக்குத் தின்பதும் படுப்பதும் அங்கேயே என்றாகிவிட்டது. அவனை விட்டுவிட்டு தினீப்ரோ ஆற்றைத் தாண்டித் தப்பிக்க ஒடார்க்காவுக்கு மனம் வரவில்லை.

நிலையத்தைச் சுற்றிக் குண்டு விழ ஆரம்பித்தது. யார் சுட்டார்கள் என்று எங்களிடம் யார் சொல்கிறார்கள்!

"அணு உலை மேல குண்டு போடக் கூடாதுன்னு உலகச் சட்டமே இருக்குடி. வரிசையா மூணு ஆரஞ்சு வட்டம், அதான் அடையாளம்" என்றாள் ஒடார்க்கா.

"வட்டத்தப் பாத்துட்டு குண்டு திரும்பிப் போயிடுமாக்கும்!"

"போகுதோ இல்லியோ, நீ ஏணியப் பிடி."

யூஹிம் இருந்த அறையை ஒட்டிய டர்பைன் கூடத்தின் சுவரின் மேல்பக்கம் மூன்று வட்டங்களையும் ஆள் உயரத்துக்கு வரைந்தாள். மறுநாள் படை அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்தான்.

"அத்தே, பிரமாதம்! இது இருக்கிற எடத்துல எவன் சுடுவான்?"

அன்றைக்கே வெடிகுண்டு லாரிகளை அந்தக் கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

"அடப்பாவி! ஆயுதத்த இங்க கொண்டாந்து வைக்கக் கூடாதுன்னும் அதே சட்டத்துல இருக்குடா!" என்று கத்தினாள் ஒடார்க்கா.

"அதுக்கு ஏதாவது வட்டம் இருக்கா அத்தே?" என்று சிரித்தான்.

ஒடார்க்கா சுவரின் சாம்பல் நிறப் பெயின்டைக் கலக்கினாள். வட்டங்களை அழித்தால் லாரிகள் போகலாம். ஆனால் குண்டும் வரலாம். அழிக்காவிட்டால் யூஹிமின் சுவருக்கு அந்தப் பக்கம் லாரிகள் அப்படியே நிற்கும். பிரஷ்ஷைத் தோய்த்தாள்.

அப்போது கூடத்து வாசலில் இருந்த உள்தொலைபேசி அடித்தது. ஒடார்க்கா எடுத்தாள், யூஹிம்தான். அவன் அறைக்கு ஜன்னல் கிடையாது.

"வெளிய வட்டம் போட்டிருக்கியாமே ஒடார்க்கா? நேத்துதான் நிம்மதியாத் தூங்கினேன். வெளிய எல்லாம் சரியா இருக்கா?"

அவள் லாரிகளைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்குய்யா. நீ தூங்கு" என்று சொல்லிவிட்டுச் சாம்பல் பெயின்ட் டப்பாவை மூடினாள்.