ஐம்பத்து நான்கு குடம் கடல்

31-3-1981: பணி ஓய்வு.
8-6-1981: இராமேசுவரம் போய் வந்தது, இருவர், ரூ. 214.50.
19-12-1981: செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி, ரூ. 638.
4-1-1982: கண்ணாடி ஒன்று, 12 மி.மீ. கனம், ரூ. 410.
11-2-1982: காற்றுப் பம்பு இரண்டு, குழாய்கள், டியூப் லைட் இரண்டு, ரூ. 347.
22-2-1982: கடல் தண்ணீர், 54 குடம், வண்டி வாடகை மட்டும், ரூ. 18.
1-3-1982: கடல் கல், 17. கன்னியப்பன் பணம் வாங்கவில்லை.

முத்தியால்பேட்டையில் ஆதிமூலம் வீட்டுக் கூடத்துக்குக் கடல் வந்து சேர்ந்த விவரம் இது. அந்த வீட்டிலிருந்து கடற்கரை பன்னிரண்டு நிமிட நடை. அவ்வளவு பக்கத்தில் இருப்பதை எதற்கு வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று கேட்காதவர் தெருவில் ஒருவரும் இல்லை.

ஆதிமூலத்தின் தாயும் தகப்பனும் மில் தொழிலாளர்கள். அவர் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, செர்த்திபிகா என்ற சான்றிதழ்த் தேர்வில் தேறியவர். 1955 முதல் ஓய்வு பெறும்வரை, இருபத்தாறு ஆண்டுகள், பால் கூட்டுறவுச் சங்கத்தின் கொள்முதல் நிலையத்தில் பால் சோதிப்பவராக இருந்தார். அவர் எண்ணைச் சொல்வார், பக்கத்து மேசையில் நான் எழுதுவேன். பால்மானி என்பது கழுத்தில் எண்கள் போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். பாலில் மிதக்க விட்டால் பால் கெட்டியாக இருந்தால் பெரிய எண் காட்டும். தண்ணீர் கலந்திருந்தால் குழாய் அமிழ்ந்து சின்ன எண் காட்டும். எங்கள் நிலையத்தில் 26க்குக் குறைந்தால் பால் திரும்பிப் போகும். இருபத்தைந்தரை என்றாலும் போகும். அழுதாலும் போகும். சங்கத்துப் பால்மானிகளை நம்பாமல் ஆதிமூலம் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். பால்மானி காட்டும் எண்ணை டிகிரி என்பார்கள், அதனால் ஊரில் அவருக்கு டிகிரிக்காரர் என்று பெயர். கல்யாணப் பத்திரிகை வைப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்தவர்கள் குறைவு.

ஓய்வு பெற்றதும் மனைவி குஞ்சம்மாளை அழைத்துக்கொண்டு இராமேசுவரம் போனார். வழியில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் பூ மாதிரி விரிந்த, கடல் சாமந்தி என்ற உயிரினம். அதன் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் போவதும் வருவதுமாக இருந்தன. மற்ற மீன்களைக் கொல்லும் அந்தச் சாமந்தி இவற்றை ஒன்றும் செய்யாது என்று காவலாளி சொன்னார். ஆதிமூலம் ஐம்பது நிமிடம் நின்றார். பஸ் போய்விட்டது.

"சாமி பாக்க வந்தீங்களா, மீனு பாக்க வந்தீங்களா?" என்றார் குஞ்சம்மாள்.

"ரெண்டும்தான். நீயே பாரு, வூட்டுக்குள்ள புருஷன் பொஞ்சாதி மாதிரி இருக்குதுங்க."

"அதுங்க சண்ட போடல. அதான் வித்தியாசம்."

அந்த ஜோடியும் அந்தச் சாமந்தியும் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குப் பிறகு ஆதிமூலத்தின் எண்ணம். ஊர் திரும்பியதும் அந்த நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். அரசாங்கத்துக்கு எழுதும் கடிதம் பிரெஞ்சில் இருப்பதுதான் மரியாதை என்று அவர் நினைத்தார். இருபத்து மூன்று நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: தங்கள் கடிதத்தைப் படிக்க இங்கே ஆள் இல்லை. அடுத்த கடிதத்தைத் தமிழில் நான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு முனைவர் சுலோசனா என்ற அதிகாரி பதில் போட்டார். வீட்டில் கடல் மீன் வளர்ப்பது பெரும்பாலும் தோல்வியில் முடியும். முதலில் தொட்டி கட்டுங்கள். உங்கள் கடலில் கிடைக்கும் கற்களையும் அவற்றில் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்களையும் நூறு நாள் உயிரோடு வைத்திருங்கள். தண்ணீர் மட்டம் குறையக் கூடாது. தினசரிக் குறிப்பு எழுதி அனுப்புங்கள். நூறு நாள் தாண்டவில்லை என்றால் மறுபடி எழுத வேண்டாம்.

"நூறு நாளு. தினசரிக் குறிப்பு" என்று ஆதிமூலம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம ரெண்டு பேருக்குன்னே எழுதினாப்பல இருக்குது, கோவிந்தராசு."

குஞ்சம்மாளும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார். நூறு நாள் முடிந்து மீன் வராவிட்டால் தொட்டியில் நெல் கொட்டிவிடுவார்.

ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டேகால் அடி உயரம். மூன்று பக்கம் செங்கல்லும் சிமெண்ட் பூச்சும், முன்பக்கம் கண்ணாடி. புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு போக ஐந்து வாரம் குழாய்த் தண்ணீர் நிரப்பி ஏழு தடவை மாற்றினோம். அடியில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாய்களைப் பரப்பி, மேலே நாலு அங்குலத்துக்கு நொறுக்கிய கிளிஞ்சலும் பருமணலும் போட்டோம். பம்பின் காற்று தண்ணீரை அந்த மணல் வழியாக இழுத்து மேலே தள்ளும். அழுக்கு மணலில் தங்கிவிடும்.

கரையோரத் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதனால் சோலை நகர் மீனவர் கன்னியப்பன் கட்டுமரத்தில் அலை தாண்டிப் போய்ப் பிளாஸ்டிக் குடங்களில் மொண்டு வந்தார்.

"கடலத் தூக்கிட்டுப் போறீங்க சார். அலையையும் பின்னாடியே அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

"மட்டம் குறைஞ்சா திரும்ப வருவேன்."

"வாங்க, வாங்க. இங்க இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குது."

கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் தரையை அவர்கள் பார் என்பார்கள். பாரிலிருந்து அவர் கொண்டுவந்த பதினேழு கற்களையும் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனோம். தண்ணீரில் வைத்த மூன்றாம் நாள் அவை விழித்துக்கொண்டன. கல்லின் துளைகளிலிருந்து விசிறிப் புழுக்கள் வெளியே வந்து விசிறி விரித்தன. 31 எண்ணினேன். சங்குக்குள் குடியிருக்கும் நண்டு 4, இறால் 2. ஒரு கல்லில் ரூபாய் அகலத்துக்கு உயிருள்ள பவளம். அதில் 7 வாய்கள்.

செய்தி பரவியது. டிகிரிக்காரர் வீட்டு வாசலில் ஆட்கள் செருப்பைக் கழற்றினார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டு பெஞ்சு இரவல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை 43 பேர். அன்று நடுப்பகலில் கரண்ட் போனது. குஞ்சம்மாள் சைக்கிள் பம்பைக் காற்றுக் குழாயில் மாட்டி ஒரு மணி நேரம் அடித்தார்.

"உங்களுக்கே நான் விசிறி போட்டதில்ல. இந்தப் புழுவுக்குப் போட வச்சிட்டீங்களே" என்றார். கூடம் முழுவதும் சிரித்தது. ஆதிமூலமும் சிரித்தார். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வெயில் ஏற ஏறத் தொட்டி வற்றியது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு குடம் தேவைப்பட்டது. ஒவ்வொரு தடவையும் கன்னியப்பன் கொண்டுவந்த கடல் தண்ணீரையே ஊற்றினோம். கொஞ்சம் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் என்ன, வேலை மிச்சம்தானே என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"தண்ணி கலந்தவன எல்லாம் திருப்பி அனுப்பிட்டு, என் வூட்டுலயே நான் தண்ணி கலக்கறதா?" என்றார். நான் அடுத்த குடத்துக்குக் கன்னியப்பனிடம் கிளம்பினேன்.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு விசிறிகள் குறைந்தன. 48ஆம் நாள் 12. 55ஆம் நாள் 5. பவளத்தின் வாய்கள் ஏழும் மூடியிருந்தன. ஓர் இறால் செத்தது. பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். விளக்கின் உயரத்தை மாற்றினோம். கண்ணாடியைத் துடைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆதிமூலம் கூடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வந்தவர்களைக் குஞ்சம்மாள் வாசலோடு அனுப்பினார்.

மறுநாள், 25-4-1982, ஞாயிறு, காலை ஆறரை மணிக்குப் பால் ஊற்றத் தனக்கொடி வந்தார். கருவடிக்குப்பத்துக்காரர், இரண்டு எருமை வைத்திருந்தார். 1974இல் மட்டும் பதினோரு தடவை அவர் பாலை ஆதிமூலம் திருப்பி அனுப்பியிருக்கிறார். என் குறிப்பில் இருக்கிறது. அதன்பின் சங்கத்தை விட்டுவிட்டு வீடு வீடாக ஊற்றத் தொடங்கினார். ஆதிமூலம் ஓய்வு பெற்றபின் அவர் வீட்டுக்கே தனக்கொடி பால் ஊற்றினார். அது குஞ்சம்மாள் செய்த ஏற்பாடு.

"என்னா டிகிரி சார், கடலுக்கு ஒடம்பு சரியில்லையா?"

தினமும் விரிந்த விசிறிகளைப் பார்த்துவிட்டுப் போகிற தனக்கொடி, சொம்பை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு அருகே குனிந்தார்.

"என் பாலுக்குன்னா ஓடி ஓடிக் கொழாய போட்டீங்களே. இதுக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

"அது பாலுக்கு" என்றார் ஆதிமூலம்.

"தண்ணி கலந்திருக்குதான்னு சொல்ற கொழாய்தானே? எது கலந்தாலும் சொல்லட்டுமே. என் வயித்தெரிச்சலுக்காவது ஒருவாட்டி போடுங்க சார்."

குஞ்சம்மாள் அலமாரியிலிருந்து பால்மானியை எடுத்து வந்து கணவர் கையில் வைத்தார். உயரமான டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஆதிமூலம் குழாயை விட்டார். பழக்கத்தில் எண்ணை உரக்கச் சொன்னார். பழக்கத்தில் நான் எழுதினேன்.

"முப்பத்தஞ்சு."

முதல் நாள் மாலை கன்னியப்பன் கொண்டுவந்து வைத்த குடம் மூலையில் இருந்தது. அதிலிருந்தும் ஒரு டம்ளர்.

"இருவத்தஞ்சு."

தனக்கொடிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "இருவத்தஞ்சா? இருவத்தாறுக்குக் கீழ! அப்ப இந்தக் கடலே தண்ணி கலந்ததுதான். திருப்பி அனுப்புங்க சார்!"

நான் நோட்டைப் புரட்டினேன். 55 நாளில் ஊற்றியது 20 குடம். ஆவியாகப் போனது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே நின்றுவிட்டது. 20 குடத்து உப்பு, முதலில் இருந்த 54 குடத்து உப்பின் மேல் ஏறியிருந்தது. எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது. தினமும் எழுதினேன், ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை.

அதாவது தண்ணீர் கலந்தாக வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மருந்து வாடை போக ஒருநாள் திறந்து வைத்தோம். மறுநாள் காலை தொட்டியிலிருந்து ஒன்றரைக் குடத்தை மொண்டு வெளியே கொட்டினோம். அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆதிமூலம் குடத்தைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் வைத்தார். அதற்கு மேல் கை சாயவில்லை.

"குடுங்க இப்படி" என்று தனக்கொடி குடத்தை வாங்கினார். "எனக்குத்தான் பழக்கமாச்சே."

அவர் நூல் மாதிரி மெதுவாக ஊற்றினார். ஒரு கல்லும் அசையவில்லை. ஆதிமூலம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "அப்ப எழுவத்துநாலுல நீ கலந்துதான் இருந்தியா?" என்றார்.

"சட்டி கழுவுன தண்ணி சார். அதெல்லாம் கணக்குல வராது."

"பதினோரு வாட்டியுமா?"

"சட்டி பெரிசு சார்."

குஞ்சம்மாள் சமையற்கட்டுக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார்.

பத்து நாள் அப்படி ஊற்றியதில் எண் 35லிருந்து 25க்கு இறங்கியது. 61ஆம் நாள் 8 விசிறிகள். 70ஆம் நாள் 19. 74ஆம் நாள் காலை பவளத்தில் ஒரு வாய் திறந்தது. அன்று ஆதிமூலம் தெருவில் ஏழு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரே ஊற்றினோம். ஊற்றுவது தனக்கொடி, எண் சொல்வது ஆதிமூலம். நூறாம் நாள், 8-6-1982, விசிறி 27, வாய் 7, நண்டு 4, இறால் 1.

குறிப்பைப் பிரதி எடுக்கும்போது குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தார்.

"அந்த முப்பத்தஞ்ச எழுதணுமா? அந்தம்மா பாத்தா மீனு தருவாங்களா?"

"முப்பத்தஞ்சுன்னா முப்பத்தஞ்சுதான்" என்றார் ஆதிமூலம். "தனக்கொடி சொன்னதையும் எழுதுய்யா. இல்லன்னா கணக்கு முழுசாகாது."

56ஆம் நாள் பத்தியில் அப்படியே எழுதினேன்: தனக்கொடி அவர்களின் ஆலோசனைப்படி அடர்த்தி சோதிக்கப்பட்டது. நன்னீர் கலக்கும் பணியும் அவரே.

ஒரு மாதம் கழித்து முனைவர் சுலோசனாவிடமிருந்து கடிதம் வந்தது. மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரே கேள்விதான்: 56ஆம் நாள் குறிப்பில் வரும் தனக்கொடி அவர்கள் எந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர்?

ஆதிமூலம் அதைத் தனக்கொடிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். மூன்றாவது தடவை படிக்கச் சொல்லி அவர் பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எருமக் காலேஜுன்னு எழுதுங்க" என்றார்.

ஆதிமூலம் உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். கருவடிக்குப்பம், பால் வியாபாரம், இரண்டு எருமை, சங்கத்தில் பதினோரு தடவை பால் திரும்பிய விவரம், எல்லாம் எழுதி அனுப்பினோம். பிறகு ஆறு வாரம் பதில் இல்லை. குஞ்சம்மாள் நெல் மூட்டைக்குச் சொல்லி வைத்திருப்பதாக நாளைக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்தினார். தபால்காரர் மணிச் சத்தம் கேட்டால் முதலில் வாசலுக்குப் போனவரும் அவர்தான்.

கடைசிக் கடிதத்தில் நான்கு வரிகள். கோமாளி மீன் ஒரு ஜோடியும் கடல் சாமந்தி ஒன்றும் உங்களுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன. மூடியுள்ள வாளிகளோடு நேரில் வரவும். பால்மானியைக் கொண்டுவரவும். தனக்கொடி அவர்களையும் அவசியம் அழைத்துவரவும், இங்குள்ள எங்கள் தொட்டிகளையும் அவர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 27-8-1982, வெள்ளிக்கிழமை, காலை 11.40.