மணல் லாரிப் பாதையில் எங்கள் முறை

சேற்றுக்குள் கையை விட்டுத் தடவும்போது இறால் முதலில் விரல் நுனியைத்தான் தொடும்; மெல்லிய மீசை உரசுவதுபோல ஒரு கூச்சம், அடுத்த நொடி உள்ளங்கையில் ஒரு துள்ளல், அதற்குள் விரலை மூடிவிட வேண்டும். எங்கள் அம்மா அதில் பெரிய கெட்டிக்காரி. கொசஸ்தலை ஆறு கடலில் விழுவதற்கு முன்னால் அகன்று கிடக்கிற இடத்தை நாங்கள் ‘கழி’ என்போம். அந்தக் கழியின் நடுவே தண்ணீருக்கு அடியில் ஒரு மணல் திட்டு இருந்தது. குப்பத்துப் பெண்கள் அதன்மேல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பனையோலையில் முடைந்த ‘பறி’க் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, மோவாய் நனையக் குனிந்து இறால் தடவுவார்கள். எங்கள் வீட்டு அடுப்பு அந்தத் திட்டை நம்பித்தான் எரிந்தது.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு எர்ணாவூரில் எனக்கு ஐஸ் பேக்டரி இருக்கிறது, மூன்று வேன் ஓடுகிறது, எல்லாம் எவன் தயவும் இல்லாமல் நானே சம்பாதித்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் பேச்சு எடுபடாமல் போன ஒரு கதையைத்தான் சொல்லப்போகிறேன், அது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் அப்பா காசிமேட்டில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டதால், மீசை முளைக்கிற வயதிலேயே நான் ஊரில் ஒரு ‘தலைக்கட்டு’, அதாவது ஒரு வீட்டுக்குப் பொறுப்பாளி. பஞ்சாயத்தில் பெரிய ஆம்பிளைகளுக்குச் சமமாக உட்காருவேன். அந்த வருஷம்தான் ஆற்றுக்குள் பாதை போட்டுக்கொண்டு மணல் லாரிகள் இறங்க ஆரம்பித்தன. பட்டப்பகலில் வருவார்கள், அவ்வளவு தைரியம். ஆற்றின் மேற்பக்கம் தோண்டத் தோண்ட உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிக் கரையோரத்துக் கிணறெல்லாம் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. கீழ்ப்பக்கம் தோண்டியதில் கழிக்குள் பள்ளம் விழுந்தது. முந்தின நாள் நின்ற இடம்தானே என்று அஞ்சலை அத்தை கால் வைத்தாள், ஆளைக் காணோம். அம்மாதான் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள். தாலுகா ஆபீசுக்குப் போனோம். அனுமதி கொடுத்தது வேறு இடத்துக்கு என்றார்கள்; அப்படியானால் இங்கே வருகிறவனை நிறுத்துங்கள் என்றோம்; எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். போனோம், வந்தோம், போனோம். லாரி மட்டும் நிற்கவில்லை. திட்டுக்கு அடியில் இருந்த சுத்தமான மணல்மேல் அவர்களுக்குக் கண்.

அப்போது பஞ்சாயத்தில் எழுந்து யோசனை சொன்னவன் நான்தான், வேறு யாரும் இல்லை. கழியில் வலை கட்ட எங்களுக்குள் ‘பாடு’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. நல்ல இடத்தை ஒருத்தனே பிடித்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொள்வோம். பசியில் கிடந்தாலும் அடுத்தவன் முறையில் எவனும் வலை இறக்கமாட்டான்.

“அதே மாதிரி லாரிப் பாதைக்கும் முறை போடுங்க. முறைக்காரன் அவன் படகை ரோட்டுக்குக் குறுக்கால இழுத்துப் போட்டுகினு பக்கத்துல குந்தட்டும். படகு மேல ஏத்திப் பார்க்கட்டும் லாரிய,” என்றேன்.

ஊருக்குப் பெரியவரான நாட்டார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இம்மாந்தூண்டு இருந்துகினு இன்னா பேச்சு பேசுறான் பாரு. சரி, அப்டியே செய்யுங்கடா,” என்றார்.

செய்தோம். லாரியெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள், கெஞ்சினார்கள், பீடி நீட்டினார்கள். “படகு காயுது நைனா, காஞ்சதும் எடுத்துக்குறோம்,” என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். திட்டு தப்பித்தது, அம்மா தினமும் பறி நிறையக் கொண்டுவந்தாள். நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஏன் நடக்கக் கூடாது?

ஏகாம்பரத்தின் முறை நாள் நெருங்கியது. அன்றைக்கு அவனுக்கு ராயபுரத்தில் சொந்தத்தில் கல்யாணம். பாடு முறையில் வழக்கம் என்னவென்றால், முறைக்காரனுக்குத் தோதுப்படாவிட்டால் வேண்டியவனுக்குக் கைமாற்றிவிடலாம். யாருக்குக் கொடுத்தாய் என்று ஊரில் கேட்பது கேவலம். ஏகாம்பரம் தன் மச்சான் செல்வத்துக்குக் கொடுத்தான். சடையங்குப்பத்துச் செல்வம், மணல் லாரி ஓட்டுகிறவன். ஊருக்கே தெரியும்.

முந்தின நாளே நான் பஞ்சாயத்தில் கத்தினேன். “வேலில போறத இழுத்து மடியில வுட்டுக்குறீங்களே, அவன் யாருகிட்ட சம்பளம் வாங்குறான்னு தெரியாதா?”

“முறை அவனுது. யாருக்குக் குட்தா நமக்கு இன்னா?” என்றார் நாட்டார். “பாடு மாதிரின்னு சொன்னது யாரு? நீதானடா. இப்ப நீயே மாத்திப் பேசுறியா?”

எல்லாரும் சிரித்தார்கள். பெண்களுக்குப் பஞ்சாயத்தில் இடம் கிடையாது. வெளியே நின்ற அம்மா, “தண்ணில நிக்கிறது நாங்க, முறை மட்டும் உங்களுதா?” என்று கேட்டாள். “கம்முனு போம்மா,” என்று நாலு குரல் வந்தது. என் யோசனையில் குற்றமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். காவல் முறையை எவனுக்கும் கைமாற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், அதைத்தான் தொண்டை கிழியச் சொன்னேன்.

மறுநாள் செல்வம் படகுக்குப் பக்கத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறியதும் அவனே நாலு பேரைக் கூப்பிட்டுப் படகை ஓரமாக நகர்த்தினான். நாங்கள் ஓடிப்போய் மறித்தோம்.

“இன்னா மாமு, இன்னிக்கு என் முறை. என் முறைல நான் வலையும் வுடுவேன், வுடாமயும் இருப்பேன். கேக்க நீ யாரு?” என்றான்.

எங்கள் ஆம்பிளைகள் அதைக் கேட்டு நின்றுவிட்டார்கள். நான் மட்டும் லாரிக்கு முன்னால் போய் விழுந்தேன். என்னைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டது லாரிக்காரன் இல்லை, என் சொந்தச் சித்தப்பா. “முறைய மீறுனா நாளைக்குப் பாடு நிக்காதுடா,” என்று காதில் சொன்னார். பொழுது சாய்கிற வரைக்கும் மெஷின் தோண்டியது. லாரி லாரியாகத் திட்டு போயிற்று.

அடுத்த நாள் காலையில் அம்மா வழக்கம்போலப் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். கழுத்து வரை போயும் காலுக்குத் தரை கிடைக்கவில்லை. நீந்தித் திரும்பி வந்து, ஈரப் புடவையோடு நேரே நாட்டார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். அவர் கதவைத் திறக்கவே இல்லை.

பிறகு அவள் காசிமேட்டில் கூலிக்கு இறால் உரிக்கப் போனாள். மற்ற பெண்களும் ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். முறைக்காவல் கொஞ்ச நாள் நடந்து, தானாக நின்றது. அப்புறம் தோண்டுவது போய்க் கொட்டுவது வந்தது; அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழிக்குள் இறங்கியது. பாடு நிற்க வேண்டும் என்று திட்டைக் கொடுத்தார்களே, அந்தப் பாடும் நிற்கவில்லை. வலை கட்ட இடமில்லாத ஊரில் எதற்கு முறை?

போன மாதம் ஆற்றைக் காப்பாற்ற இளவட்டங்கள் சேர்ந்து கழிக்கரையில் ஒரு கூட்டம் போட்டார்கள். நாற்பதைத் தாண்டியதும் என்னை ஊர்ப் பெரியவனாக்கிவிட்டதால் மேடையில் நாற்காலி. நல்ல பிள்ளைகள், பதாகை பிடிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அம்மாவை அழைத்துப் போயிருந்தேன், முன்வரிசையில் உட்காரவைத்து மைக்கையும் கையில் கொடுக்கச் சொன்னேன். கரையில் ஆள் நிறுத்திக் காவல் காக்கலாமா என்று ஒரு பெண் அவளிடம் கேட்டது.

“காக்கலாம் கண்ணு. தண்ணிக்குள்ள இறங்குனா எங்க நிப்பீங்க?” என்றாள் அம்மா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் கழியைக் காட்டினேன். ஒரு பக்கம் ஆளை முழுங்கும் பள்ளம், மறுபக்கம் முழங்கால் வரை சாம்பல். பறியைக் கடித்துக்கொண்டு ஒரு பொம்பளை ஊன்றி நிற்க, முகத்துவாரம் வரைக்கும் ஓர் இடமில்லை.