மாப்பிள்ளையின் வலது கை

என் மூத்த சகோதரி பஹ்மிதா ராத்தாவின் கணவர் இன்ஸாப் மச்சான் கொழும்பில் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் ஊரே ஒரே பதிலைத்தான் சொல்லும்: "பெரிய ஹோட்டல்ல செக்கியூரிட்டி." அந்த ஹோட்டலுக்குப் பெயர் கிடையாது. பதினான்கு வருஷமாக யாரும் கேட்கவுமில்லை. மாதம் ஒருமுறை கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் நாலு பார்சல் இருந்தால் போதும், எங்கள் ஊர்க்காரர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள்.

எனக்கு மட்டும் உண்மை தெரியும். கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்துப் போகும் ஓர் ஒழுங்கைச் சந்தில், பாட்டும் குடியும் ஆட்டமுமாக விடியும்வரை நடக்கிற ஒரு கிளப்பின் வாசலில் நிற்பதுதான் அவர் வேலை. உள்ளே போகிறவனைத் தடவிப் பார்க்கவேண்டும், வம்பு பண்ணுகிறவனைத் தூக்கி வெளியே போடவேண்டும். முன்பு கல்முனைச் சந்தையில் மீன் லொறிக்கு ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தோள்களைப் பார்த்துத்தான் கிளப் முதலாளி அவரைப் பிடித்துக்கொண்டான். மச்சான் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. சமைக்கிற குசினிக்குப் பின்னால் கார்ட்போர்ட் மட்டையை விரித்து இஷா தொழுதுவிட்டு, வாசலுக்கு வந்து மனிதர்களை அடிப்பார். எனக்கு இதை நினைத்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

அடி என்றால் சும்மா தட்டுவது அல்ல. உடைந்த போத்தலோடு பாய்ந்தவனின் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்து ஒருமுறை கதவைச் சாத்தியிருக்கிறார். இன்னொருமுறை காரில் வந்த நாலு பேர் அவரைச் சுவரோடு சேர்த்து மிதித்து இரண்டு விலா எலும்பை முறித்தார்கள். படியில் வழுக்கி விழுந்ததாக ராத்தாவிடம் சொன்னார். அவளும் கோழி சூப் வைத்துக் கொடுத்தாள்.

"எவ்வளவு இங்கிலீசு கதைச்சாலும் மச்சான், அடி விழுந்தா பெத்த தாயிட பாஷையிலதான் கத்துவானுகள்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

இத்தனையும் எதற்காக? மகள் அம்ஹாவுக்காக. எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான், அதனால் பெண்ணைப் பெற்றவன் வீடு கட்டியே ஆகவேண்டும். மச்சான் கட்டினார். மாடி, கறுப்பு டைல்ஸ், எல்லாம். சாய்ந்தமருதிலிருந்து நல்ல இடம் வந்தது. பையன் றிப்தி கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்காளன். பெண் பார்க்க வந்த அன்று மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை, ஃபோனில் மாப்பிள்ளையின் படம் அனுப்பினோம். பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் எடுத்தார்.

"நிக்காஹ்வ நானே செஞ்சு குடுப்பன். மௌலவிட்ட விடமாட்டன்" என்றார்.

நிக்காஹ் நேரத்தில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து, என் மகளை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று தன் வாயால் சொல்லவேண்டும். பெரும்பாலான வாப்பாமார் நாக்குத் தடுமாறும் என்று பயந்து, அந்தப் பொறுப்பை மௌலவியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். மச்சான் ஒரு மாதம் அந்த வசனத்தை மனப்பாடம் செய்தார்.

கல்யாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன், ஒரு வெள்ளி இரவு. கிளப் நிறைந்திருந்தது. மேடைக்குக் கிட்ட இருந்த மேசையில் ஐந்து இளைஞர்கள் இங்கிலீஷும் சிங்களமும் கலந்து கத்திக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்து இறங்கிய பெண்ணை ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். அவன் மேசையிலிருந்த பியர் போத்தலை எடுத்து அவள் முகத்தில் அடித்தான். அவள் விழவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்தாள், விரல்களுக்கு இடையில் இரத்தம் வந்தது. அவன் மறுபடியும் போத்தலை ஓங்கினான்.

மச்சான் அந்தக் கையைப் பின்னாலிருந்து பிடித்தார். மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். இரண்டு விரல் முறிகிற சத்தம் பாட்டையும் மீறித் தனக்குக் கேட்டதாகச் சொன்னார்.

"உம்மோவ்!" என்று கத்தினான் அவன்.

உம்மாவைக் கூப்பிடும் அந்த இழுப்பு எங்கள் கிழக்குக் கரையில் மட்டும் கேட்கிற இழுப்பு. மச்சான் அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஃபோனில் பார்த்த முகம். றிப்தி.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு றிப்தியே அழைத்தான். பெண் பார்க்க வந்த அன்று வீட்டுச் சுவரில் மச்சானின் படத்தைப் பார்த்திருந்தவன். குரலில் நடுக்கமே இல்லையாம்.

"மாமா, நீங்களும் அங்க இல்ல, நானும் அங்க இல்ல. நான் மோட்டார் சைக்கிள்ல விழுந்த. நீங்க வாயத் துறந்தா நானும் துறப்பன். பொறகு பள்ளிவாசல்ல ஒங்கட முகத்துல ஆரும் முழிக்கமாட்டாங்க."

மச்சான் பஸ் ஏறி வந்து என்னிடம்தான் முதலில் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

"வயசுப் பொடியன். ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் அடங்கிரும். கல்யாண காட் அடிச்சாச்சி, வீடு குடுத்தாச்சி. இப்ப கதைச்சா அம்ஹாவ ஆரு முடிப்பான்?"

அவர் தலையாட்டினார். மலைபோன்ற மனிதர், என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினார்.

நிக்காஹ் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிறைந்துவிட்டது. வெளியே பந்தலில் சஹன்கள் தயார், ஆறு பேருக்கு ஒரு தட்டு. கூட்டத்தில் பாதிப் பேரின் மூக்கு அந்தப் பக்கமே இருந்தது. றிப்தி வெள்ளை ஜுப்பாவில் சம்மணமிட்டு இருந்தான். மச்சான் எதிரே உட்கார்ந்தார். மௌலவி இருவரின் வலது கைகளையும் சேர்த்துவைத்தார்.

றிப்தியின் இரண்டு விரல்கள் கோணலாகப் பொருந்தியிருந்தன. மச்சானின் கை பட்டதும் அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு மச்சானைப் பார்த்து, நம் இரண்டு பேருக்கும்தானே தெரியும் என்பதுபோல மெல்லச் சிரித்தான்.

"சொல்லுங்க" என்றார் மௌலவி.

மச்சான் அந்தக் கோணல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வசனத்தை மறந்துவிட்டதாக நினைத்து மௌலவி முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்.

"தரமாட்டன்" என்றார் மச்சான்.

கையை விடாமலே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "இந்த விரல ஒடச்ச நான்தான். பார் ஒண்டுட வாசல்ல நிக்கிறதுதான் எண்ட தொழில். பதினாலு வருசம். இவன் அங்க குடிச்சிப்போட்டு ஒரு பொம்புளப் புள்ளைட மூஞ்சில போத்தலால அடிச்ச. எண்ட புள்ளைய இவனுக்குத் தரமாட்டன்."

முதல் அடி றிப்தியின் மூத்த சகோதரனிடமிருந்து விழுந்தது. காதோடு சேர்த்து ஒரு அறை. அடுத்து இரண்டு தம்பிமார் பாய்ந்தார்கள்.

"பள்ளிக்குள்ள அடிக்காதீங்க! வெளியில கொண்டு போங்க!" என்று கத்தினார் பள்ளி நிர்வாகத்திலுள்ள ஒரு மரைக்கார். அந்த மார்க்க பக்தியை என்ன சொல்ல!

வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். பந்தல் கம்போடு தலையை மோதினார்கள். விழுந்ததும் மிதித்தார்கள். எங்கள் ஜமாஅத்தாரிலும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஹராமான காசில் கட்டிய வீட்டில் எத்தனை விருந்து சாப்பிட்டிருப்பார்கள், அந்தக் கோபம் போலிருக்கிறது. சஹன் ஒன்று கவிழ்ந்து சோறும் இறைச்சியும் அவர் சட்டையெல்லாம் ஒட்டியது. மூன்று பேரை ஒரே நேரத்தில் தூக்கி எறியக்கூடிய மனிதர் ஒரு கையைக்கூட உயர்த்தவில்லை. நான் கைகட்டி நின்றேன். எனக்கு அடிவிழுமோ என்று பயம். வேறு காரணமில்லை.

எல்லோரும் போனபிறகு நான்தான் ஓட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செய்தி எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. ராத்தா அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே அழுதாள். அம்ஹா கல்யாணச் சேலையோடு வந்தாள். கைநிறைய மருதாணி. துணியில் ஐஸ்கட்டி சுற்றி வாப்பாவின் உதட்டில் வைத்தாள். அழவில்லை. திட்டவுமில்லை. துணியைத் திருப்பிவைத்துக்கொண்டே கேட்டாள்.

"வாப்பா, அந்தப் புள்ள இப்ப எப்படி?"

"எந்தப் புள்ள?" என்று கேட்டேன் நான்.

"போத்தலால அடிபட்ட புள்ள."

மச்சான் என்னைப் பார்த்தார். மூன்று கிழமையாக நாங்கள் இரண்டு பேரும் அம்ஹாவைப் பற்றிப் பேசினோம், மானத்தைப் பற்றிப் பேசினோம், வீட்டைப் பற்றிப் பேசினோம். அந்தப் பெண்ணின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

"எடுத்துக் கேளுங்க" என்று அம்ஹா அவருடைய ஃபோனை நீட்டினாள்.

கிளப் மேனேஜர் றொமால்டுக்கு எடுத்தார். விரல்கள் வீங்கியிருந்ததால் அம்ஹாதான் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"றொமால்ட், நம்மட எடத்துல பாட்டுப் படிக்கிற புள்ள, அடிபட்டதே, அது எப்படி இரிக்கி?"

அந்தப் பக்கம் கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது.

"எந்தப் புள்ள அண்ணே?" என்றான் றொமால்ட். "இந்த மாசம் அடிபட்டதா, போன மாசம் அடிபட்டதா?"

அம்ஹா ஐஸ் துணியை உதட்டிலிருந்து எடுத்து வாப்பாவின் கையிலேயே கொடுத்துவிட்டு, எழுந்து உள்ளே போனாள்.